கம்பியில்லாமல் மணி அடித்த இன்னொரு போஸ்

புதுடில்லி ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்குக் காய்கறியும் மீனும் வாங்கப் போகும் தமிழர்கள் அநேகம். நேதாஜி சுபாஷ் சந்திர போஸின் இந்திய தேசிய ராணுவத்தின் பெயரைத் தாங்கிய கடைத்தெரு அது. வங்காளம் தந்த இன்னொரு போஸும் வெள்ளையர் ஆட்சியை எதிர்த்து வென்றவர்தான். ஆனால் அவர் ஆயுதம் எடுக்கவில்லை. அவர் விஞ்ஞானி ஜகதீச சந்திர போஸ். கரையில் நின்றபடியே, கையிலுள்ள சிறு பெட்டியால் தண்ணீரில் பொம்மைப் படகை ஓட்டிப் பந்தயம் விடுகிறார்கள் அல்லவா? அந்த வித்தையின் வேர்களில் ஒன்று அவருடையது.

1858 நவம்பர் 30-ல் பிறந்தார். தந்தை பகவான் சந்திர போஸ் அரசாங்க அதிகாரி. ஆயினும் மகனை ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்பாமல், தாய்மொழிப் பள்ளியில் சேர்த்தார். அங்கே ஒரு பக்கம் மீனவர் மகன், மறுபக்கம் முஸ்லிம் பணியாளரின் மகன். இயற்கையின் மீது அவருக்கு ஆசை பிறந்தது அந்தத் தோழர்கள் சொன்ன கதைகளால்தான்.

இங்கிலாந்தில் படித்துத் திரும்பி, 1885-ல் கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் பேராசிரியரானார். அந்நாளில் இந்தியப் பேராசிரியருக்கு ஐரோப்பியர் சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்குதான். போஸுக்குத் தற்காலிக வேலை என்று சொல்லி அதிலும் பாதியாகக் குறைத்தார்கள். அவர் சம்பளத்தைத் தொட மறுத்தார். ஆனால் பாடம் நடத்துவதை நிறுத்தவில்லை. ஒரு மாதம், இரு மாதம் அல்ல, மூன்று வருடங்கள்!

இதற்கிடையே 1887-ல் அபலாவை மணந்தார். சென்னையில் வைத்தியப் படிப்புப் படித்தவர் அந்த அம்மையார். வாடகை குறைவு என்று தம்பதிகள் சந்திரநாகூரில் குடியிருந்தனர். போஸ் படகில் ஹூக்ளி ஆற்றைக் கடந்து வேலைக்குப் போவார். படகை மனைவி திருப்பி ஓட்டி வருவார் என்று அவருடைய சரித்திரம் எழுதியவர்கள் கூறுகிறார்கள். கடைசியில் அரசாங்கம் பணிந்தது. முழுச் சம்பளமும், மூன்று வருட அரியர்சும் வந்தன. தந்தை பட்டிருந்த கடனை அதைக் கொண்டு அடைத்தார்.

கல்லூரியில் அவருக்கு ஆராய்ச்சிக்கூடம் என்று பெரிதாக எதுவும் இல்லை. சிறு அறையிலேயே, உள்ளூர்த் தொழிலாளியின் உதவியோடு கருவிகள் செய்தார். 1895-ல் கல்கத்தா டவுன் ஹாலில் லெப்டினன்ட் கவர்னர் முன்னிலையில் சோதனை நடந்தது. கண்ணுக்குத் தெரியாத மின் அலைகள் கவர்னரின் உடலையும் சுவர்களையும் ஊடுருவிச் சென்றன. சுமார் 75 அடிக்கு அப்பால் மணி ஒலித்தது, வெடிமருந்து வெடித்தது. இடையில் ஒரு கம்பியும் கிடையாது.

மூன்று வருடம் கழித்து, 1898-ல், நியூயார்க்கில் நிக்கோலா டெஸ்லா தொட்டித் தண்ணீரில் சிறு இரும்புப் படகை மிதக்கவிட்டு, ரேடியோ அலையாலேயே ஓட்டிக் காட்டினார். அதற்கு அவ்வருடமே பேட்டண்டும் பெற்றார். இன்றைய பந்தயப் படகிலும் அதே தத்துவம்தான். கையிலுள்ள பெட்டி அலையை அனுப்பும். படகிலுள்ள ரிசீவர் அதை வாங்கும். ஒரு சிறு மோட்டார் சுக்கானைத் திருப்பும், இன்னொன்று பின்னுள்ள விசிறியைச் சுழற்றும். மிதவைகளைச் சுற்றி முதலில் வருபவருக்கு வெற்றி.

போஸ் படகு செய்யவில்லை. அலைக்குக் கட்டளையைச் சுமக்கும் சக்தி உண்டு என்பதைக் காட்டினார். கண்டுபிடிப்பை விற்றுப் பணமாக்க அவருக்கு மனமில்லை. நண்பர்கள் வற்புறுத்தியதால் 1904-ல் ஒரு அமெரிக்க பேட்டண்ட் கிடைத்தது. அதையும் அவர் காசாக்கவில்லை. பிறகு தாவரங்களின் உணர்ச்சியை ஆராய்ந்தார். 1917-ல் கல்கத்தாவில் போஸ் ஆராய்ச்சி நிலையத்தை நிறுவினார். 1937 நவம்பர் 23-ல் கிரிடீயில் காலமானார்.

சம்பளக் கவரை எதிர்பார்த்து மாதத்தை ஓட்டுகிறவர்களுக்கு அந்த மூன்று வருடத்தின் அருமை நன்றாகத் தெரியும். உரிமைக்காக வேலையில் குறை வைக்கவில்லை, வேலைக்காக உரிமையையும் விட்டுக் கொடுக்கவில்லை. போஸின் பெருமை அதுதான்.