பிரிட்ஸ் லாங்

பிரிட்ஸ் லாங் (டிசம்பர் 5, 1890 – ஆகஸ்ட் 2, 1976) ஆஸ்திரியாவில் பிறந்து, ஜெர்மனியிலும் ஐக்கிய அமெரிக்காவிலும் பணியாற்றிய திரைப்பட இயக்குனர் ஆவார். பேசாப்படக் காலத்தில் 'மெட்ரோபோலிஸ்' முதலிய படங்களால் புகழ்பெற்ற இவர், பின்னர் பிலிம் நுவார் எனப் பெயர்பெற்ற திரைப்பட வகையை உருவாக்கியோருள் முதன்மையான ஒருவராகக் கருதப்படுகிறார். பிலிம் நுவார் என்னும் பிரெஞ்சுத் தொடருக்குக் கறுப்புத் திரைப்படம் என்பது பொருள். 1940களிலும் 1950களிலும் அமெரிக்காவில் வெளிவந்த, இருள் செறிந்த ஒளியமைப்பும் நம்பிக்கை இழந்த நோக்கும் கொண்ட குற்றக்கதைப் படங்களை இத்தொடர் குறிக்கும்.

இளமை

லாங் வியன்னா நகரில் பிறந்தார். தந்தை அன்டோன் லாங் கட்டடத் தொழிலில் ஈடுபட்டிருந்தார். தாய் பவுலா யூதக் குடும்பத்தில் பிறந்து, பின்னர் கத்தோலிக்க சமயத்தைத் தழுவியவர். லாங் சிறிது காலம் பொறியியல் பயின்று, அதைக் கைவிட்டு ஓவியத்தில் ஈடுபட்டார். பல நாடுகளில் பயணம் செய்தபின் 1913ல் பாரிசில் ஓவியம் கற்றார். முதலாம் உலகப்போர் மூண்டபோது ஆஸ்திரிய-அங்கேரியப் படையில் சேர்ந்து பலமுறை காயமுற்றார். காயம் ஆறிக்கொண்டிருந்த நாட்களில்தான் திரைக்கதைகள் எழுதத் தொடங்கினார்.

பெர்லின் காலம்

போருக்குப் பின் பெர்லின் சென்று தயாரிப்பாளர் எரிக் பொம்மரின் நிறுவனத்தில் சேர்ந்த லாங், 1919ல் இயக்குனரானார். 1922ல் எழுத்தாளர் தேயா ஃபான் ஹார்பூவை மணந்தார். அவருடன் இணைந்து 'சூதாடி டாக்டர் மபுசே' (1922), 'நிபெலுங்கென்' (1924), 'மெட்ரோபோலிஸ்' (1927) ஆகியவற்றை உருவாக்கினார். மனிதரை மறைந்திருந்து ஆட்டுவிக்கும் குற்றவாளியான மபுசே, அன்றைய ஜெர்மனியின் பணவீக்கக் காலக் குழப்பத்தின் உருவமாகவே அமைந்தான். பெருஞ்செலவில் எடுக்கப்பட்ட 'மெட்ரோபோலிஸ்' வெளியானபோது வணிக அடிப்படையில் தோல்வியுற்றது. லாங் இன்று பெரிதும் அறியப்படுவது அப்படத்தினால்தான் என்றாலும், பிலிம் நுவாரின் வேர்களைத் தேடுவோர் 'எம்' (1931) படத்தையே முதலில் காணவேண்டும்.

'எம்' லாங்கின் முதல் பேசும்படம். குழந்தைகளைக் கொல்லும் ஒருவனை ஒரு நகரமே தேடுவது இதன் கதை. ஒளிப்பதிவு பிரிட்ஸ் ஆர்னோ வாக்னர். கொலைகாரன் முதலில் நிழலாகவே தோன்றுகிறான். அவனைப் பிடித்துத் தருவோர்க்குப் பரிசு அறிவிக்கும் சுவரொட்டியின் மீதே அந்நிழல் விழுகிறது. கொலை காட்டப்படுவதில்லை. உருண்டோடி நிற்கும் பந்து, கம்பிகளில் சிக்கிய பலூன், உணவு மேசையில் காலியாக இருக்கும் தட்டு ஆகியவை மட்டும் காட்டப்படுகின்றன. காவல்துறைக்கு முன்பே திருடர் கூட்டம் அவனைப் பிடித்துத் தானே வழக்கு நடத்துகிறது. அங்கே அவன், தன்னுள்ளிருந்து துரத்தும் ஏதோவொன்றிலிருந்து தப்பமுடியாதவனாகக் கதறுகிறான். அவ்வேடத்தில் பீட்டர் லோரே நடித்தார். கொலைகாரன் அடிக்கும் சீழ்க்கை மட்டும் லாங்குடையது. அஞ்சத்தக்க ஒருவனிடம் பார்ப்போரை இரக்கங்கொள்ளச் செய்ததும், அவனைத் தண்டிக்கத் துடிக்கும் கூட்டத்தை அவனைவிட அச்சமூட்டுவதாகக் காட்டியதும் இப்படத்தின் சிறப்பு. குற்றம் யாருடையது, தண்டிக்கும் உரிமை யாருக்கு என்ற இக்கேள்வியையே லாங் அடுத்த இருபத்தைந்து ஆண்டுகள் திரும்பத் திரும்பக் கேட்டார்.

ஜெர்மனியை விட்டு வெளியேறல்

1933ல் நாசிகள் ஆட்சிக்கு வந்தவுடன் லாங்கின் 'டாக்டர் மபுசேயின் உயில்' தடைசெய்யப்பட்டது. பரப்புரை அமைச்சர் கோயபல்ஸ் தம்மை அழைத்து ஜெர்மன் திரைத்துறைக்குத் தலைமை ஏற்கச் சொன்னதாகவும், பேச்சு நீண்டபோது சன்னல்வழியே தெரிந்த கடிகாரத்தைப் பார்த்தபடி வங்கி மூடும் நேரத்தை எண்ணிக்கொண்டிருந்ததாகவும், பணத்தை எடுக்க இயலாமலே அன்றிரவே பாரிசுக்குத் தொடர்வண்டி ஏறியதாகவும் லாங் பிற்காலத்தில் பலமுறை கூறினார். ஆனால் அவரது கடவுச்சீட்டு வேறு கதை சொல்கிறது. அவர் அவ்வாண்டில் சில மாதங்கள் போவதும் வருவதுமாக இருந்து, சூலை இறுதியில்தான் நிலையாக வெளியேறினார். கோயபல்சின் நாட்குறிப்பிலும் இச்சந்திப்பு பற்றிய செய்தி இல்லை. தம் வாழ்வையும் ஒரு நுவார் காட்சியாகவே அவர் அமைத்துக்கொண்டார் எனலாம். எனினும் படத்தின் மீதான தடையும், தாயின் பிறப்பினால் அவருக்கு இருந்த ஆபத்தும் கற்பனையல்ல. ஹார்பூவுடனான மணவாழ்வும் அவ்வாண்டிலேயே முறிந்தது. ஹார்பூ நாசிக் கட்சியில் சேர்ந்து ஜெர்மன் திரைத்துறையில் தொடர்ந்து பணியாற்றினார்.

அமெரிக்கப் படங்கள்

பிரான்சில் ஒரு படம் எடுத்தபின் லாங் 1934ல் அமெரிக்கா சென்றார். அங்கு அவரது முதற் படம் 'பியூரி' (1936). குழந்தைக் கடத்தல்காரன் எனத் தவறாகப் பிடிக்கப்பட்ட ஒருவனை (ஸ்பென்சர் டிரேசி) சிறையோடு எரிக்கிறது ஊர்க்கூட்டம். தப்பிப் பிழைத்த அவனோ, இறந்தவன்போல் ஒளிந்திருந்து, அவர்கள் தூக்கிலேறுவதைக் காண விரும்புகிறான். 'எம்' படத்தின் கூட்டம் இங்கே அமெரிக்க உடையில் வருகிறது.

நுவார் பாணியின் அடிப்படை விளக்கமைப்பாகும். வழக்கமான படப்பிடிப்பில் முதன்மை விளக்கு உண்டாக்கும் நிழல்களை நிரப்பு விளக்குகள் போக்கிவிடும். நுவார் படங்களில் நிரப்பு ஒளி குறைக்கப்பட்டதால் முகத்தின் ஒரு பாதி இருளில் மூழ்கியது. சன்னல் தட்டிகளின் நிழல் சிறைக்கம்பிகள்போல் சுவரில் விழுந்தது. இப்பாணி முழுவதும் ஜெர்மனியிலிருந்து வந்ததன்று. ஹாமெட், சாண்ட்லர் போன்றோரின் அமெரிக்கக் குற்றப் புதினங்களுக்கும், போர்க்காலச் சிக்கனத்துக்கும் இதில் பங்குண்டு. லாங்கோடு பில்லி வைல்டர், ராபர்ட் சியோட்மாக் முதலிய புலம்பெயர்ந்தோரும் இப்பாணியை வளர்த்தனர். லாங் சேர்த்தது சிறப்பாக ஊழுணர்வு: நல்லவனாகவே வாழ்ந்த சாதாரண மனிதன் ஒருநாள் ஓரடி பிசகி வைக்கிறான், பின்னர் அவன் திரும்புவதற்கு வழியில்லை.

எட்வர்ட் ஜி. ராபின்சன், ஜோன் பென்னட், டான் டுரியா மூவரும் நடித்த இரு படங்கள் இதற்குச் சான்று. 'சன்னலில் பெண்' (1944) படத்தில், கடைச் சன்னலில் இருந்த ஓவியத்தைப் பார்த்து நின்ற பேராசிரியர் ஒருவர், அதே இரவில் கொலைகாரராகிறார். இறுதியில் எல்லாம் கனவாகிவிடுகிறது. இம்முடிவைப் பலர் குறை கூறினர். லாங் அதனைத் தமது விருப்பமென்றே கூறிவந்தார்.

'ஸ்கார்லெட் ஸ்ட்ரீட்' (1945) அவ்வாறு தப்பவிடுவதில்லை. பணிவே உருவான காசாளர் கிறிஸ்டோபர் கிராஸ் ஓய்வுநாட்களில் ஓவியம் தீட்டுபவர். அவர் விரும்பிய பெண், தன் காதலனின் தூண்டுதலால், அவ்வோவியங்களைத் தன் பெயரில் விற்கிறாள். உண்மை அறிந்து அவளைக் கிராஸ் கொல்கிறார். மின்நாற்காலியில் இறப்பதோ அக்காதலன். அன்றைய அமெரிக்கத் தணிக்கை விதிகளின்படி திரையில் குற்றவாளி தண்டனை பெற்றாகவேண்டும். இங்கோ சட்டம் கிராசைத் தொடுவதில்லை. இறந்த இருவரின் குரல்கள்தாம் அவரைத் துரத்துகின்றன. அவர் தம் குற்றத்தைச் சொன்னாலும் நம்புவோர் இல்லை. 1946ல் நியூயோர்க் மாநிலத்திலும், மில்வாக்கி, அட்லாண்டா நகரங்களிலும் இப்படம் தடைசெய்யப்பட்டது. நியூயோர்க்கில் சில வெட்டுகளுக்குப் பின் அனுமதி கிடைத்தது.

அதே 1946ல், போரினால் தடைப்பட்டிருந்த அமெரிக்கப் படங்கள் பாரிசில் ஒருங்கே திரையிடப்பட்டன. 'சன்னலில் பெண்' அவற்றுள் ஒன்று. இப்படங்களுக்கிடையே இருந்த ஒற்றுமையைக் கண்ட நினோ பிராங்க் முதலிய பிரெஞ்சு விமரிசகர்கள் பிலிம் நுவார் என்ற சொல்லைப் பயன்படுத்தினர். ஆகவே லாங் அப்படங்களை எடுத்தபோது தாம் நுவார் எடுப்பதாக எண்ணியிருக்க முடியாது.

பின்வந்தவற்றுள் 'தி பிக் ஹீட்' (1953) குறிப்பிடத்தக்கது. மனைவியைக் குண்டுவெடிப்பில் இழந்த காவல் அதிகாரி (கிளென் போர்ட்), பழிவாங்கும் வழியில் தாம் எதிர்ப்பவர்களைப் போலவே மாறத் தொடங்குகிறார். அவருக்கு உதவும் பெண்கள் ஒவ்வொருவராக இறக்கின்றனர். 1956ல் இரு படங்களோடு லாங்கின் அமெரிக்கப் பணி முடிவுற்றது. படப்பிடிப்பில் கடுமையானவர் என்ற பெயரும், தயாரிப்பாளர்களுடனான ஓயாத பூசலும் இதற்குக் காரணங்களாயின.

இறுதிக் காலம்

ஜெர்மனி திரும்பிய லாங், 'எஷ்னாப்பூர் புலி', 'இந்தியக் கல்லறை' (1959) ஆகிய இரு வண்ணப்படங்களின் பகுதிகளை இராசத்தானின் உதய்ப்பூரில் படமாக்கினார். ஹார்பூவின் புதினத்திலிருந்து லாங்கும் ஹார்பூவும் எழுதிய திரைக்கதையை 1921ல் ஜோ மே இயக்கியிருந்தார். அன்று கைநழுவிய வாய்ப்பு லாங்குக்கு 38 ஆண்டுகள் கழித்துக் கிட்டியது. 'டாக்டர் மபுசேயின் ஆயிரம் கண்கள்' (1960) இவர் இயக்கிய கடைசிப் படம். 1963ல் கோதாரின் 'லெ மெப்ரி' படத்தில் பிரிட்ஸ் லாங் என்னும் இயக்குனராகவே நடித்தார். முதுமையில் கண்பார்வை பெரிதும் குன்றியிருந்தது. தமது 85ஆம் வயதில் லாஸ் ஏஞ்சலசில் காலமானார். வெட்டிக் குறைக்கப்பட்ட 'மெட்ரோபோலிசின்' ஏறத்தாழ முழுமையான படி 2008ல் புவெனஸ் ஐரஸ் நகரில் கண்டெடுக்கப்பட்டு, சீரமைக்கப்பட்டபின் 2010ல் திரையிடப்பட்டது.