கடன் கற்பித்த பாடம்

ஆங்கில நாவலாசிரியர் சார்ல்ஸ் டிக்கன்ஸ் 1812-ஆம் ஆண்டு பிறந்தார். அவருடைய தந்தை, க்ரூ என்னும் செல்வர் மாளிகையில் ஊழியம் செய்தவர்களின் மகன். பெரிய இடத்து வாழ்வைப் பார்த்து வளர்ந்த அவர், கடற்படை அலுவலக எழுத்தரான பின் வரவுக்கு மிஞ்சிச் செலவழித்தார். 1824-இல் கடனுக்காகச் சிறை சென்றார். அவ்வாண்டு 12 வயதுச் சிறுவன் சார்ல்ஸ், வாரம் 6 ஷில்லிங் கூலிக்குக் காலணி மைச் சாடிகளில் பெயர்த்தாள் ஒட்டினான். தந்தை விடுதலையான பின்னும் அவ்வேலை தொடரட்டும் என்றே தாய் விரும்பினார். அது மகனின் நெஞ்சில் ஆறாத வடுவாயிற்று.

புகழ் வந்த பின்னும் வறுமையின் அச்சம் அவரை விடவில்லை. உடல் நலிந்தபோதும் ஊர் ஊராகச் சென்று, தம் கதைகளை மேடையில் வாசித்துப் பொருள் ஈட்டினார். ஆயினும் தந்தையின் கடனைத் தாமே அடைத்தார். ஏழைச் சிறுவரின் துயரை எழுதினார். 1870-இல் மறைந்தார்.

தோழியரே, இளமையில் கண்டது தந்தைக்கு ஆசையைத் தந்தது; மகனுக்கோ அச்சத்தோடு இரக்கத்தையும் தந்தது. நம் வீடு நமக்குத் தருவது எது?