மீன்கடைக்காரர் மகன் தலைமை நீதிபதியான கதை

தோழர்களே! நீதிபதியை நியமிப்பது யார்? அரசு. அரசை அமைப்பது யார்? கட்சி. அப்படியானால் நீதிபதி கடமைப்பட்டது யாருக்கு? கட்சிக்கா? சட்டத்துக்கா? இந்தக் கேள்விக்குத் தம் வாழ்வையே விடையாக்கிச் சென்றவர், அயர்லாந்து நாட்டின் கியாருல் ஓ டாலி.

1911-ல், டப்ளினுக்குத் தெற்கே பிரே எனும் கடற்கரை ஊரில் பிறந்தார். தந்தை மீன்கடை நடத்தியவர். செல்வமில்லை; செல்வாக்கில்லை. தாய்மொழிப் பற்று இருந்தது. டி வேலரா 1931-ல் தொடங்கிய ஐரிஷ் பிரஸ் நாளேட்டில் ஐரிஷ் மொழிப் பகுதியின் ஆசிரியரானார். ஆம், கட்சி ஏட்டில் பேனா பிடித்தவர்தான் அவரும்! 1934-ல் வழக்கறிஞரானார். 1946-ல், 35 வயதில், அரசின் தலைமை வழக்கறிஞரானார். ஃபியனா ஃபாயில் கட்சியின் சார்பில் 1948-லும் 1951-லும் தேர்தலில் நின்றார்; இருமுறையும் தோற்றார். 1953-ல் உச்சநீதிமன்ற நீதிபதியானார். 1961-ல் தலைமை நீதிபதியானார்.

அன்று அயர்லாந்தின் மக்கள்தொகை ஏறத்தாழ 28 லட்சம். சின்னஞ்சிறு நாடு! ஆனால் அதன் 1937-ம் ஆண்டு அரசியல் சட்டம் நீதிபதிக்குப் போட்ட வேலி சிறிதன்று. நியமிப்பவர் குடியரசுத் தலைவர். பெயரைச் சொல்வது அரசு. அத்தோடு அரசின் பிடி தளர்கிறது. அச்சமின்றி, ஓரவஞ்சனையின்றித் தீர்ப்பளிப்பேன் என்று திறந்த நீதிமன்றத்தில் உறுதிமொழி. பதவியிலிருக்கும்வரை ஊதியத்தில் கைவைக்கக் கூடாதென்பது அன்றைய விதி. விலக்க வேண்டுமா? தவறான நடத்தையோ இயலாமையோ காரணமாகக் காட்டி, நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் தீர்மானம் நிறைவேற்றியாக வேண்டும்.

வேலி இருந்தால் போதுமா? உள்ளே இருப்பவருக்கு முதுகெலும்பு வேண்டாமா? அவருக்கு இருந்தது!

நீதிமன்றம் விடுவித்த ஒருவரை, வாசலிலேயே மறுபடி கைது செய்து, வழக்கறிஞர் மனுப்போடும் முன்பே எல்லை தாண்டிக் கொண்டுபோய்ப் பிரிட்டிஷ் போலீசிடம் ஒப்படைத்தார்கள். அதற்கு இடம்தந்த 1851-ம் ஆண்டுச் சட்டப் பிரிவு செல்லாதெனத் தீர்ப்பு வந்தது. வெளியே விட்டால் இன்னொரு குற்றம் செய்வாரோ என்ற ஐயத்துக்காக மட்டும் ஜாமீன் மறுக்கலாகாதென 1966-ல் தீர்ப்பு. நாடாளுமன்றக் குழுவே குற்றம் சாட்டினாலும், சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்து தன்னைக் காத்துக்கொள்ளும் உரிமை மனிதனுக்கு உண்டென 1971-ல் தீர்ப்பு. மூன்று முறையும் ஆட்சியிலிருந்தது எது? அவரை வளர்த்த அதே கட்சி!

1974-ல் எல்லாக் கட்சிகளும் ஒப்ப, குடியரசுத் தலைவரானார். 1976-ல், ஒருவரை ஏழு நாள்வரை காவலில் வைக்கப் போலீசுக்கு அதிகாரம் தரும் அவசர மசோதா அவர் மேசைக்கு வந்தது. வந்ததும் கையெழுத்திடவில்லை, உச்சநீதிமன்றத்தின் ஆய்வுக்கு அனுப்பினார். அரசியல் சட்டம் தந்த உரிமை அது. செல்லும் என்றது நீதிமன்றம், உடனே கையெழுத்திட்டார். ஆனால் பாதுகாப்பு அமைச்சர், படைவீரர்களின் முன்னிலையில், அந்தப் படைகளுக்கே தலைவரான அவரை இழித்துப் பேசினார். அமைச்சரை விலக்கப் பிரதமர் மறுத்தார். அந்த ஆண்டு அக்டோபர் 22-ந் தேதி ஓ டாலி பதவியைத் துறந்தார். தம் பெருமைக்காக அல்ல. பதவியின் மானம் காக்க! 1978-ல் மறைந்தார்.

தோழர்களே! நம்மவர் நீதிபதியானால் நமக்கு வேண்டியதைச் செய்வார் என்று எண்ணுவது எளிது. நாளை ஆட்சி கைமாறும். அவர்களுடைய ஆளும் அப்படியே எண்ணினால், உழைப்பவனின் வழக்கைக் கேட்க யார் மிஞ்சுவார்? கட்சி நல்ல மனிதரை நீதி நாற்காலிக்கு அனுப்பலாம். அனுப்பியபின் அவர் கட்சிக்காரரல்லர். அவர் நம்மையும் தண்டிக்கத் துணிந்தவராயிருந்தால்தான், நாளை நம்மைக் காக்கவும் வல்லவராயிருப்பார்.