கம்பளிக்கு மேல் படுத்த கணித மேதை

பொட்டிபுரம் பக்கத்து மலையடிவாரத்தில் இருந்து ஏலத் தோட்ட வேலைக்கு ஏறுகிறவர்கள் சோற்றுத் தூக்கை மறப்பது இல்லை. கூடவே குளிருக்கு ஒரு போர்வையும் போகும். சோறு, வீட்டுப் பழக்கம். போர்வை, மலைக்காக!

இந்தச் சின்னக் கணக்கு, கணித மேதை ராமானுஜத்துக்குக் கடைசிவரை சரியாக வரவில்லை.

1887-ல் ஈரோட்டில் பிறந்து, கும்பகோணத்தில் வளர்ந்தவர் அவர். சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் குமாஸ்தா. அங்கிருந்து அவர் எழுதி அனுப்பிய கணக்குகளைப் பார்த்துத் திகைத்த பேராசிரியர் ஹார்டி, அவரை இங்கிலாந்துக்கு வரவழைத்தார்.

1914 மார்ச் 17-ந் தேதி கப்பல் ஏறினார். அதற்கு முன்பே குடுமி போய்விட்டது. கோட்டும் பூட்சும் வந்தன. சாப்பாடு மட்டும் மாறவில்லை.

தனிச் சமையல்

கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியில் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவார்கள். ராமானுஜம் அங்கே சாப்பிடமாட்டார். சுத்த சைவம். கல்லூரிச் சமையலில் உருளைக்கிழங்கைக்கூடப் பன்றிக் கொழுப்பில் வதக்குவார்களோ என்று சந்தேகம். தன் அறையிலேயே சமைத்துக் கொண்டார்.

அந்தப் பழக்கத்தில் வீட்டு வாசனை இருந்தது. ஆனால் ஒழுங்கு இல்லை. கும்பகோணத்தில் வேளைக்குச் சோறு போடத் தாயார் இருந்தார். இங்கே யார்? இரவு பகலாகக் கணக்குப் போடுவார். பசி மறந்துவிடும். பிறகு அடித்துப் போட்டதுபோல் தூங்குவார். அந்த ஆண்டே உலகப் போர் மூண்டது. காய்கறி கிடைப்பதும் கஷ்டமாகிவிட்டது.

ஒருநாள் நண்பர் மகாலானோபிஸ் வந்தார். (பின்னாளில் புள்ளியியலில் பெரும் புகழ் பெற்றவர் இவர்தான்.) ராமானுஜம் ஓவர்கோட்டுடன் சால்வையைச் சுற்றிக்கொண்டு, குளிரில் நடுங்கியபடி தூங்கி வந்தது தெரிந்தது. கட்டிலைப் பார்த்தார். கம்பளிகள் எல்லாம் ஒழுங்காகச் செருகி இருந்தன. மனிதர் அவற்றின் மேலேயே படுத்து வந்திருக்கிறார்! கம்பளியை விலக்கி, உள்ளே நுழைந்து படுக்கவேண்டும் என்று நண்பர் செய்து காட்டினார். ஒரு நிமிட வேலைதான். சொல்வதற்குத்தான் ஆள் இல்லை.

ஹார்டியின் பக்குவம்

கணக்கில் அந்த ஆள் இருந்தார். ராமானுஜத்துக்கு விடை மின்னலாக வரும். நிரூபணம் எழுதும் வழக்கம் குறைவு. ஹார்டி அதைக் கற்றுக் கொடுத்தார். ஆனால் அளவோடு. ரொம்பவும் திருத்தப் போனால், அந்த மின்னலே மறைந்துவிடுமோ என்று அவருக்குப் பயம். பழையது கெடாமல் புதியது சேர்ந்தது. 1918-ல் ராயல் சொசைட்டி அங்கத்தினர் பதவி தேடி வந்தது.

உடம்புக்கு அப்படி ஒரு ஹார்டி வாய்க்கவில்லை. 1917-லேயே ராமானுஜம் படுத்துவிட்டார். காசநோய் என்று எண்ணி வைத்தியம் செய்தார்கள். கல்லீரலைத் தாக்கும் அமீபா நோயாக இருக்கலாம் என்று 1994-ல் டாக்டர் யங் எழுதினார். அது உண்மையானால், பழியைச் சாப்பாட்டின் மேல் மட்டும் போடமுடியாது. ஆனாலும், ஆஸ்பத்திரியிலும் சாப்பாட்டுத் தகராறு ஓயவில்லை.

1919-ல் ஊர் திரும்பினார். படுக்கையிலும் கணக்கை விடவில்லை. 1920 ஜனவரியில் புதுவகைக் கணக்குகளை ஹார்டிக்கு எழுதி அனுப்பினார். ஏப்ரல் 26-ந் தேதி சென்னை சேத்துப்பட்டில் காலமானார். அப்போது வயது 32.