லூயிஸ் ஃபிரை ரிச்சர்ட்சன்

லூயிஸ் ஃபிரை ரிச்சர்ட்சன் (அக்டோபர் 11, 1881 – செப்டம்பர் 30, 1953) இங்கிலாந்தைச் சேர்ந்த கணிதவியலாளரும் இயற்பியலாளரும் வானிலையியலாளரும் ஆவார். வானிலையைக் கணிதச் சமன்பாடுகளின் மூலம் எண்களாகக் கணித்து முன்னறியும் முறைக்கு முன்னோடி. அவர் முதன்முதலில் செய்துபார்த்த கணிப்பு முற்றிலும் தவறாகியது. எனினும் இன்றைய வானிலை எதிர்வுகூறல் அவருடைய வழியிலேயே செல்கிறது.

வாழ்க்கைச் சுருக்கம்

நியூகாசில் நகரில் குவேக்கர் குடும்பம் ஒன்றில் ஏழு பிள்ளைகளுள் இளையவராகப் பிறந்தார். குவேக்கர்கள் போரையும் ஆயுதம் ஏந்துவதையும் ஏற்காத கிறித்தவப் பிரிவினர். கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரியில் பயின்ற பின் பல பணிகளில் இருந்தார். 1913 இல் பிரித்தானிய வானிலை அலுவலகத்தில் சேர்ந்து, ஸ்காட்லாந்தின் எஸ்க்டேல்மியூர் ஆய்வகத்திற்குப் பொறுப்பேற்றார். முதல் உலகப் போரின்போது, 1916 இல், அப்பணியைத் துறந்து பிரான்சில் காயமுற்றோரை ஏற்றிச்செல்லும் வண்டியின் ஓட்டுநராகத் தொண்டாற்றினார்.

வானிலைக் கணிப்பு

போர்முனையில் கிடைத்த ஓய்வு நேரத்தில், வைக்கோல் குவியலின் மேல் அமர்ந்து, தம் கணிப்பைச் செய்தார். அதற்கு மே 20, 1910 அன்று ஐரோப்பாவின் மேல் பலூன்கள் வழியாகப் பெறப்பட்ட அளவீடுகளை எடுத்துக்கொண்டார். நடந்து முடிந்த நாள் என்பதால் விடையைச் சரிபார்க்க இயலும். நிலப்பரப்பைச் சுமார் 200 கி.மீ. அகலக் கட்டங்களாகவும், வளிமண்டலத்தை ஐந்து அடுக்குகளாகவும் பிரித்தார்.

மியூனிக் அருகே ஆறு மணி நேரத்தில் தரைமட்ட வளியமுக்கம் 145 ஹெக்டோபாஸ்கல் உயரும் என்பது அவருக்குக் கிடைத்த விடை. இயல்பான வளியமுக்கம் சுமார் 1013 ஹெக்டோபாஸ்கல். அதில் ஏழில் ஒரு பங்கு உயர்வு இயற்கையில் நிகழாது. அன்று உண்மையில் அமுக்கம் பெரும்பாலும் மாறவேயில்லை.

பிழையின் காரணம் இயற்பியல் மாணவர்கள் அறியத்தக்கது. ஓரிடத்தின் வளியமுக்கம் என்பது அதற்கு மேலுள்ள காற்றுத் தூணின் எடையால் ஏற்படுவது. அத்தூணுக்குள் வரும் காற்றும் வெளியேறும் காற்றும் மிகப் பெரிய அளவுகள். அவற்றின் வேறுபாடோ மிகச் சிறியது. எனவே காற்றின் வேகத்தை அளப்பதில் நேரும் சிறு பிழையும் வேறுபாட்டைப் பன்மடங்கு பெருக்கிவிடும். பிற்காலத்தில் அயர்லாந்து வானிலையியலாளர் பீட்டர் லிஞ்ச் அதே தரவுகளில் இருந்த விரைவான ஊசலாட்டங்களை முதலில் நீக்கிவிட்டுக் கணித்தபோது, இயல்புக்கு ஒத்த சிறிய மாற்றமே கிடைத்தது. முறை தவறில்லை, தொடக்கத் தரவே சமநிலையற்றிருந்தது.

1917 இல் சாம்பேன் போரின்போது கையெழுத்துப்படி தொலைந்து, சில மாதங்களுக்குப் பின் பெல்ஜியத்தில் நிலக்கரிக் குவியலுக்கு அடியில் கண்டெடுக்கப்பட்டது. 1922 இல் நூலாக வெளியிட்டபோது தவறிய விடையை அவர் மறைக்கவில்லை. உலக வானிலையை அது மாறும் வேகத்திலேயே கணிக்க 64,000 மனிதக் கணிப்பாளர்கள் வேண்டும் என்றும் அதில் மதிப்பிட்டார். இதுவும் குறைவான மதிப்பீடே என்பர்.

போர் எதிர்ப்பு

போருக்குப் பின் வானிலை அலுவலகத்திற்குத் திரும்பியவர், 1920 இல் அது வான்படை அமைச்சகத்தின் கீழ் கொண்டுவரப்பட்டதும் பதவி விலகினார். வானிலை ஆய்வே அவருடைய முதன்மையான துறை என்பதால் இது சிறிய இழப்பன்று. காற்றின் கொந்தளிப்புப் பற்றிய தம் ஆய்வுகள் நச்சு வாயுப் போருக்குப் பயன்படலாம் என அறிந்து, வெளியிடாதவற்றை அழித்துவிட்டதாகவும் கூறப்படுகிறது. பின்னர் ஆசிரியப் பணியாற்றி, 1929 முதல் பெயிஸ்லி தொழில்நுட்பக் கல்லூரியின் முதல்வராக இருந்தார். 1926 இல் அரச கழக உறுப்பினரானார்.

1940 இல் ஓய்வுபெற்றுப் போர்களின் காரணங்களைக் கணிதத்தால் ஆராய்வதில் முழுமையாக ஈடுபட்டார். நிலநடுக்கத்தைப் போலவே போர்களையும் மடக்கை அளவில் வரிசைப்படுத்தினார். ஆயிரம் பேர் இறந்த மோதல் 3, பத்து இலட்சம் பேர் இறந்தது 6. இவ்வாய்வுகள் அவர் மறைவுக்குப் பின், 1960 இல், இரு நூல்களாக வெளிவந்தன.

பிற்காலத் தாக்கம்

1950 இல் அமெரிக்காவில் எனியாக் கணினியைக் கொண்டு சார்ணி, ஃபியோர்டாப்ட், வான் நியூமன் ஆகியோர் எளிமையாக்கிய சமன்பாடுகளால் 24 மணி நேர முன்கணிப்பைச் செய்தனர். அதைக் கணிக்கவும் ஏறத்தாழ 24 மணி நேரமே ஆனது. முடிவுகளைக் கண்ட ரிச்சர்ட்சன் அவர்களைப் பாராட்டினார். எனியாக் அமெரிக்கப் படைத்துறைக்காகக் கட்டப்பட்ட இயந்திரம்.

அடுக்குகளாக அமைந்த காற்றோட்டம் கொந்தளிக்குமா என்பதைக் காட்டும் அளவு ரிச்சர்ட்சன் எண் எனப்படுகிறது. நாடுகளின் எல்லை நீளம், அளக்கும் கோலின் நீளத்தைப் பொறுத்து மாறுவதையும் அவர் கண்டறிந்தார். 1967 இல் மாண்டல்பிராட் பிரித்தானியக் கடற்கரையின் நீளம் குறித்து எழுதிய கட்டுரைக்கு அதுவே அடிப்படை.