கூன் மலையின் உண்மை கண்ட பரிஞ்சர்

வென்றவர்களின் சரிதையை நாம் விரும்பிப் படிக்கின்றோம். தோற்றவர்களை விரைவில் மறந்துவிடுகின்றோம். ஆனால், தாம் தேடிய பொருளைக் காணாது தோற்று, தாம் சொன்ன உண்மையால் வென்ற ஒருவரும் உலகில் வாழ்ந்தார். அமெரிக்க நாட்டினரான டானியல் மோரோ பரிஞ்சர் என்பவரே அவர். விண்ணிலிருந்து வீழும் கல் நிலத்தைப் பிளந்து, மலைபோன்ற மேட்டை எழுப்ப வல்லது என்பதை நிலத்தின் சான்று கொண்டே நிலைநாட்ட முனைந்த முன்னோடி அவர். அன்னாரின் வாழ்வை நம் இளைஞர் முன் வைப்பது பயன் தரும் என எண்ணுகின்றோம்.

பரிஞ்சர் 1860ஆம் ஆண்டு மே மாதம் 25ஆந் திகதி, வட கரோலைனா மாநிலத்து றாலி நகரில் பிறந்தார். தந்தையார் அரசியலிற் பேர் பெற்றவர். மகன் கல்வியிற் கெட்டிக்காரன். பத்தொன்பது வயதிலே பிறின்ஸ்ரன் கல்லூரியிற் பட்டம் பெற்றார். 1882இற் சட்டமும் கற்றுத் தேறினார். ஆயினும் வழக்கும் ஏடும் அவர் மனத்துக்கு நிறைவளிக்கவில்லை. மீண்டும் மாணவராகிப் புவிச்சரிதவியலும் கனிப்பொருளியலும் பயின்றார். பின்னர் நண்பர்களுடன் கூடி அரிசோனாவிற் சுரங்கத் தொழிலில் இறங்கினார். வெள்ளிச் சுரங்கமொன்று அவரைச் செல்வராக்கியது. சுரங்கச் சட்டம் பற்றியும் நூல் எழுதினார். இத்துடன் நின்றிருந்தால், வசதியோடு வாழ்ந்து மறைந்த ஒரு தனவந்தராகவே அவர் கணக்கிடப்பட்டிருப்பார்.

1902ஆம் ஆண்டில் அவர் காதில் ஒரு செய்தி விழுந்தது. அரிசோனாவின் வறண்ட சமவெளியிலே கூன் மலை என்றொரு குன்று உண்டு. கூன் என்பது அந்நாட்டு விலங்கொன்றின் பெயர். தூரத்தில் நின்று நோக்குவார்க்கு அது ஏறத்தாழ 150 அடி உயரமான, சாதாரணக் குன்றாகவே தோன்றும். மேலே ஏறிப் பார்ப்பவரோ திகைத்து நிற்பர். மலை என்று எண்ணியது வெறும் விளிம்பே. உள்ளே முக்கால் மைல் அகலமும் 550 அடிக்கு மேற்பட்ட ஆழமுங் கொண்ட வட்டமான பெரும் பள்ளம் வாய் திறந்து கிடக்கும். அதைச் சுற்றிலும் இரும்புக் கட்டிகள் சிதறிக் கிடந்தன. அவை நிக்கல் கலந்த விண்ணிரும்பு என்பது முன்னரே அறியப்பட்டிருந்தது.

இம்மலை எவ்வாறு தோன்றியது? அமெரிக்கப் புவிச்சரித அளவைத் திணைக்களத்தின் பிரதம அறிஞராகிய குரோவ் காள் கில்பேட் 1891இல் அங்கு சென்று ஆராய்ந்தார். அவர் நிதானமும் நேர்மையும் மிக்கவர். பெரிய விண்கல் உள்ளே புதைந்திருந்தால், அது அடைத்துக்கொண்ட இடத்தின் அளவுக்கு விளிம்பில் உள்ள மண் பள்ளத்தின் கொள்ளளவிலும் மிகுந்திருக்க வேண்டும். அத்துடன் காந்த ஊசியும் அசைய வேண்டும் எனக் கணித்தார். அளந்து பார்த்தபோது மண்ணும் மிகவில்லை, ஊசியும் அசையவில்லை. ஆகவே நிலத்தடி நீராவி வெடித்தே பள்ளம் உண்டானது என முடிவு செய்தார். எரிமலைகள் அண்மையில் இருந்தமை அம்முடிவுக்குத் துணை நின்றது. விண்ணிரும்பு அங்கு கிடந்ததோ தற்செயலான பொருத்தம் என விடப்பட்டது. பெரியவர் சொல்லுக்கு மறுசொல் கூறுவார் இல்லை.

பரிஞ்சருக்கு அத்தற்செயல் பொருந்தவில்லை. 1903இற் கணித வல்லுநரான பெஞ்சமின் தில்மன் என்னும் நண்பருடன் சேர்ந்து கம்பனியொன்றை அமைத்து, நிலத்தைத் தோண்டி ஆராயத் தொடங்கினார். 1906இல் இருவரும் தம் ஆராய்ச்சியைப் பிலடெல்பியா அறிஞர் கழகத்தின் வாயிலாக வெளியிட்டனர்.

அவர்கள் காட்டிய சான்றுகளை நோக்குவோம். முதலாவது, இரும்புத் துண்டுகள் தூக்கி எறியப்பட்ட பாறைச் சிதைவுகளோடு கலந்தே கிடந்தன. இரும்பு வேறொரு காலத்தில் வீழ்ந்திருந்தால் இக்கலப்பு நேர்ந்திராது. இரண்டாவது, அச்சமவெளியிலே சுண்ணாம்புக் கல் மேலும் வெண்ணிற மணற்கல் கீழும் இருப்பது இயற்கை. விளிம்பிலோ இவ்வரிசை தலைகீழாக, கீழிருந்தது மேலேறிக் கிடந்தது. ஒரே அதிர்ச்சியில் நிலம் மடிந்து கவிழ்ந்தமைக்கு இது சாட்சி. மூன்றாவது, மணற்கல் மாவினும் நுண்ணிய பொடியாகப் பெருந்தொகையாக நொறுங்கிக் கிடந்தது. நீராவிக்கு அத்தகைய வலிமை இல்லை. நான்காவது, பள்ளத்தினடியிற் பல நூறு அடி துளைத்துச் சென்றபோது குலையாத மணற்கல் தட்டுப்பட்டது. வெடிப்புக் கீழிருந்து வந்திருந்தால் அப்பாறை எவ்வாறு குலையாதிருக்கும்? எரிமலைக் குழம்பின் சுவடும் அங்கு இல்லை. அடி வந்தது மேலிருந்தே என்பது தெளிவாயிற்று.

இத்துணைச் சான்றிருந்தும் அறிஞருலகம் இலகுவில் இணங்கவில்லை. பரிஞ்சரை ஒரு வியாபாரி என்றே பலர் மதித்தனர். அவருக்கும் வியாபார நோக்கு இருந்தது என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. ஒரு கோடி தொன் நிறையுள்ள இரும்பு உள்ளே புதைந்து கிடக்கின்றது என உறுதியாக நம்பினார். நடுவில் துளைத்தும் அது கிடைக்கவில்லை. துப்பாக்கிக் குண்டைச் சேற்றிற் சுட்டுப் பார்த்தார். சாய்வாகச் சுட்டாலும் துவாரம் வட்டமாகவே அமைந்தது. எனவே விண்கல் சாய்ந்து வந்து தெற்கு விளிம்பின் கீழ்த் தங்கியிருக்கலாம் என்று அங்கும் துளைப்பித்தார். 1,300 அடிக்கும் அப்பாற் சென்ற துளைகருவி சிக்கி நின்றது. இருபத்தேழு ஆண்டுகளில் அவர் செல்வத்தின் பெரும்பகுதி கரைந்தது.

1929இற் கம்பனியார் வானியலறிஞர் மோல்ற்றனிடம் கணக்குக் கேட்டனர். விண்கல்லின் நிறை மூன்று இலட்சம் தொன் அளவே இருக்கும். அதுவும் மோதிய வெப்பத்திற் பெரும்பாலும் அழிந்திருக்கும் என அவர் அறிக்கை செய்தார். வேலை நின்றது. அவருடைய இறுதி அறிக்கை வந்து சிறிது காலத்துள், நவம்பர் 30ஆந் திகதி, பரிஞ்சர் மாரடைப்பினாற் காலமானார். அப்போது அவருக்கு வயது அறுபத்தொன்பது.

இங்கே நாம் சற்று நின்று சிந்திக்க வேண்டும். இரும்பு இல்லை, ஆகவே விண்கல் விழவில்லை என்றார் கில்பேட். விண்கல் விழுந்தது, ஆகவே இரும்பு இருக்க வேண்டும் என்றார் பரிஞ்சர். முடிவில் மாறுபட்ட இருவரும் ஒரே பிழையில் ஒன்றுபட்டனர். விழுந்த கல் அப்படியே தங்கியிருக்கும் என இருவரும் கொண்டனர். செக்கனுக்குப் பத்துக் கிலோமீற்றருக்கு மேற்பட்ட வேகத்தில் வருங் கல், மோதிய கணத்திலே வெடிகுண்டுபோல் வெடித்து உருகியும் ஆவியாகியும் சிதறும் என்பதை அவர்கள் உணர்ந்திலர். பள்ளம் வட்டமாக அமைவதற்கும் அதுவே காரணம்.

பரிஞ்சர் மறைந்து முப்பத்தோராண்டின் பின் அவர் கூற்று உறுதியாயிற்று. பேரமுக்கத்தில் மாத்திரம் சிலிக்கா அடையும் கோசைற்று என்னும் வடிவத்தை 1960இல் சாவோ, ஷூமேக்கர், மட்சன் என்போர் அப்பள்ளத்து மணற்கல்லிற் கண்டனர். எரிமலையால் அங்கு அத்தகைய அமுக்கத்தை உண்டாக்க இயலாது. ஏறத்தாழ 50,000 ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்த மோதல் அது என இன்று கணித்துள்ளனர். அதே சான்று கொண்டு ஜெர்மனியின் றீஸ் பள்ளமும் விண்கல் மோதலின் விளைவென அறியப்பட்டது. தென்னாபிரிக்காவில் விறடவோட் என்னுமிடத்தே வளைந்து நிற்கும் குன்றுத் தொடரும், இருநூறு கோடி ஆண்டுகளுக்கு முந்திய பெருமோதலின் தழும்பே. நமது அயல்நாடாகிய பாரதத்தில், மகாராட்டிர மாநிலத்தே கோயில்கள் சூழ விளங்கும் லோனார் ஏரியும் முன்னர் எரிமலைப் பள்ளமென எண்ணப்பட்டுப் பின்னர் விண்கல்லின் செயலெனத் தெளியப்பட்டதே. சந்திரனுக்குச் செல்லவிருந்த விண்வெளி வீரர்கள் பயிற்சி பெற்றதும் பரிஞ்சர் தோண்டிய அப்பள்ளத்திலேதான். இன்று அது அவர் பெயராலும் வழங்குகின்றது.

இரும்பு கிடைக்காமல் வீணாயின என்று கருதப்பட்ட துளைகளே உண்மைக்குச் சாட்சி கூறின. பரிஞ்சரின் நட்டம் அறிவுலகுக்கு இலாபமாயிற்று. பெரியோர் கூறினர் என்பதற்காகக் கண்முன் உள்ள சான்றைக் கைவிடலாகாது. நாம் விரும்புகின்றோம் என்பதற்காக இல்லாத சான்றை இருப்பதாகக் கொள்ளவும் ஆகாது. இவ்விரண்டில் முன்னதை அவர் உறுதியாற் கற்பித்தார். பின்னதைத் தம் இழப்பாற் கற்பித்தார். இரண்டையும் ஒருங்கே நம் இளைஞர் கற்றுக்கொள்வார்களாக.