டெசாகுலியே: பாராளுமன்றத்துக்குக் காற்று தந்த அகதி

மையவிலக்கு விசிறி என்ற பெயர் அந்நியமாகத் தோன்றலாம். ஊரில் கொல்லன் பட்டறையில், துருத்திக்குப் பதிலாகக் கையால் சுற்றும் ஊதுவிசிறியைப் பார்த்தவர்களுக்கு அது பழகிய பொருள்தான். நத்தைக்கூடு போன்ற உறை. உள்ளே சுழலும் தகடுகள். அவை சுழலும்போது காற்று விளிம்பை நோக்கி எறியப்படுகிறது. நடுவில் அழுத்தம் குறைவதால் அங்கே புதிய காற்று புகுகிறது. எறியப்பட்ட காற்று, அகன்றுகொண்டே போகும் உறையில் வேகம் தணிந்து, அழுத்தம் கூடி, ஒரே வாய் வழியாக வெளியேறுகிறது. நீண்ட குழாய், தூசி வடிகட்டி போன்ற தடைகளை மீறிக் காற்றைத் தள்ள வல்லது இது. அதனால்தான் அரிசி ஆலை முதல் அனல்மின் நிலையம் வரை இதைக் காண்கிறோம்.

லண்டனில் இதைப் பாராளுமன்றத்துக்குள் கொண்டுவந்தவர் ஓர் அகதி என்று அறிந்தபோது, அவர் வாழ்க்கையைத் தேடிப் படித்தேன்.

ஜான் தியோஃபிலஸ் டெசாகுலியே 1683இல் பிரான்சின் லா ரொஷேல் நகரில் பிறந்தார். தந்தை புராட்டஸ்டண்ட் போதகர். 1685இல் பதினான்காம் லூயி மன்னர் அம்மதத்தவருக்கு இருந்த உரிமைகளை ரத்து செய்தார். குழந்தையைப் பீப்பாய்க்குள் ஒளித்துக் கடல் கடத்தினார்கள் என்று வழிவழியாக ஒரு கதை உண்டு. குடும்பம் லண்டன் வந்து சேர்ந்தது. தந்தை இஸ்லிங்டனில் பள்ளி நடத்தினார். மகன் ஆக்ஸ்போர்டில் படித்தார். ஆங்கிலத் திருச்சபையின் குருவாகவும் ஆனார். ஆனால் அவர் மனம் சோதனைக்கூடத்தில்தான் இருந்தது. 1714இல் ராயல் சொசைட்டி உறுப்பினராகி, நியூட்டனின் தலைமையில் அங்கே சோதனைகளைச் செய்துகாட்டினார். வெஸ்ட்மின்ஸ்டரில் தம் வீட்டிலேயே பொதுமக்களுக்கு அறிவியல் வகுப்புகள் நடத்தினார்.

அக்காலத்தில் மக்களவை கூடிய இடம் புனித ஸ்டீபன் தேவாலயம். கூட்டமும் மெழுகுவர்த்திகளும் சேர்ந்து உள்ளே மூச்சு முட்டும். 1723இல் டெசாகுலியே கூரைக்கு மேல் அறைகள் அமைத்து, அவற்றில் தீ மூட்டி, கெட்ட காற்றை மேலே இழுக்க ஏற்பாடு செய்தார். மேல்மாடியில் குடியிருந்த காப்பாளர் பெண்மணிக்கு இது தொந்தரவாக இருந்தது. அவை கூடி வெகுநேரம் ஆனபின்பே தீ மூட்டச் செய்தார். திட்டம் பயனற்றுப் போயிற்று.

அடுத்த முறை அவர் நெருப்பை நம்பவில்லை. 1736இல் 7 அடி விட்டமுள்ள விசிறிச் சக்கரத்தை அங்கே நிறுவினார். தத்துவம் புதிதல்ல; சுரங்க விசிறிகளைப் பற்றி ஜெர்மானியரான அக்ரிகோலாவின் நூல் 1556லேயே பேசியது. மனிதர்கள் கூடும் மண்டபத்துக்கு அதைக் கொண்டுவந்ததுதான் இவர் செய்தது. ஓர் ஆள் கைப்பிடியைச் சுற்றினால் போதும். கெட்ட காற்றை வெளியேற்றலாம், வேண்டுமானால் நல்ல காற்றை உள்ளேயும் செலுத்தலாம். கப்பலின் அடித்தளத்தில் மூச்சுத் திணறும் மாலுமிகளுக்கும் இது உதவும் என்று கடற்படையிடம் காட்டினார். அவர்கள் ஏற்கவில்லை. சட்டம் செய்பவர்களுக்குக் கிடைத்த காற்று மாலுமிக்குக் கிடைக்காமல் போனதுதான் இக்கதையில் என்னை உறுத்துகிறது.

வெஸ்ட்மின்ஸ்டர் பாலத்துக்கு வழி அமைப்பதற்காக அவர் வீடு இடிக்கப்பட்டது. கோவென்ட் கார்டனில் ஒரு காப்பிக்கடையின் மேல்மாடிக்குக் குடிபெயர்ந்து, அங்கும் வகுப்பெடுத்தார். 1744 பிப்ரவரி 29 அன்று காலமானார். சவோய் தேவாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார். மகன் தாமஸ் பிரிட்டிஷ் பீரங்கிப் படையில் உயர்ந்து, தந்தையைப் போலவே ராயல் சொசைட்டியிலும் இடம்பெற்றார். அகதியின் அடுத்த தலைமுறை அந்த நாட்டின் படைத்தளபதியாயிற்று. விசிறி சுழன்ற மண்டபம் 1834 தீவிபத்தில் அழிந்தது.

2020இல் கொரோனாக் காலத்தில் வென்டிலேட்டர் என்ற சொல்லை நாம் அன்றாடம் கேட்டோம். டெசாகுலியே அந்தப் பெயரை இயந்திரத்துக்கு வைக்கவில்லை. சக்கரத்தைச் சுற்றிய மனிதனுக்கு வைத்தார்.